சுருதி இல்லையாம்!

மார்ச் கணக்கு முடிச்சுட்டு இப்பத்தான் மூச்சு விடுறேன். லண்டனுக்கு மாற்றலாகி வந்த பிறகு பதிவு எழுதுறதே குறைஞ்சு போச்சு. இன்னிக்கு எழுத வெச்சது எங்க மச்சான்.

விஷயம் இதுதான். கொழிஞ்சாம்பாறையில இருக்கிற அக்கா மகளுக்கு டிரம்ஸ் கத்துக்கணுமாம். பதினாலு வயசு. "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு அது, வயலின் கத்துக்கட்டும்"னு மச்சான் முடிச்சுட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். 'தி ரெயின்கோட்ஸ்' பாட்டு ரெண்டு அவளுக்கு அனுப்பி வெச்சேன். மச்சானும் கேட்டிருக்கார். "சுருதியும் இல்ல, தாளமும் இல்ல. இவங்களுக்கு வாசிக்கவே தெரியல மாப்ள"ன்னு தீர்ப்பு வந்துச்சு.

வாசிக்கத் தெரியலைங்கிறது பாதி உண்மைதான் மச்சான். 1977ல லண்டன்ல அனா ட சில்வாவும் ஜினா பர்ச்சும் ஆரம்பிச்ச குழு அது. ரெண்டு பேரும் ஓவியக் கல்லூரி மாணவிகள். அனா போர்ச்சுக்கல்காரர். டிரம்ஸ் அடிச்ச பால்மோலிவ் ஸ்பெயின்காரர் (ஷேவிங் கிரீம் இல்லீங்க, புனைபெயர்!). பிழைக்க வந்த ஊர்ல சத்தமாப் பாடினவங்க, அதனாலயே எனக்குக் கொஞ்சம் கூடுதலாப் பிடிக்கும். நீங்க கேட்ட வயலினும் அதுல இருக்கு, ஆனா கச்சேரி வயலின் மாதிரி இருக்காது, கதவு கிறீச்சிடுற மாதிரி இருக்கும். முதல் ஆல்பம் 1979ல வந்துச்சு. அதுல தாளம் முன்னாடி ஓடும், பின்னாடி தங்கும், எல்லாரும் ஒரே நேரத்துல பேசுற வீடு மாதிரி இருக்கும். அதைத் தேடித்தான் நிர்வாணா குழுவோட கர்ட் கோபேன் இதே லண்டன்ல அலைஞ்சு, பழம்பொருள் கடையில வேலை பார்த்துட்டிருந்த அனாவைக் கண்டுபிடிச்சார். 1993ல அந்த ஆல்பம் மறுபடி வந்தப்போ முன்னுரை எழுதினதும் அவர்தான்.

வெள்ளைக்காரி கதை நமக்கெதுக்குன்னு கேப்பீங்க. சரி, நம்ம பாலக்காடு ஜில்லாவுக்கே வாங்க. அட்டப்பாடி நஞ்சியம்மா, இருளர் சமூகம், ஆடு மேய்ச்சவங்க. 'அய்யப்பனும் கோஷியும்' படத்துல பாடினதுக்கு 2022ல சிறந்த பாடகிக்கான தேசிய விருது அறிவிச்சாங்க. உடனே ஒரு இசைக்கலைஞர் கிளம்பினார். இசைக்காகவே வாழ்க்கையைக் குடுத்தவங்களுக்கு இது அவமானமாம், அந்தம்மாவால சுருதிக்குப் பாட முடியாதாம். பல இசைக்கலைஞர்கள் நஞ்சியம்மா பக்கம் நின்னாங்க, அது வேற விஷயம். லண்டன் பொண்ணுங்களுக்கும் அட்டப்பாடி அம்மாவுக்கும் ஒரே குற்றச்சாட்டுங்கிறதைக் கவனிங்க.

திருவிழா நெருங்கினா நம்ம தெருப் பசங்க தகர டப்பாவைச் செண்டைன்னு நெனச்சு அடிக்கிறாங்களே, அவங்ககிட்ட யாராவது சுருதி கேட்டிருக்கோமா? "பையனுக்குக் கைவாகு இருக்கு"ன்னுதானே சொல்றோம்?

பயிற்சி வேண்டாம்னு நான் சொல்லலை. பழகணும்னுதான் அவளே கேக்குறா! நீங்க சொல்றது எப்படி இருக்குன்னா, முதல் கடன் கேட்டு வர்றவன்கிட்ட "பழைய கடனைக் கட்டின சிபில் ஸ்கோர் எங்கே"ன்னு கேட்டுத் திருப்பி அனுப்புற மாதிரி. அவன் எந்த ஜென்மத்துல கடன் வாங்குறது? கடன் குடுக்க இஷ்டமில்லாத ஆபீசர் சொல்ற சாக்கு அது. நானே சொல்லியிருக்கேன், எனக்குத் தெரியாதா? :-)

இந்தச் சாக்கு எங்க போய் முடியும்னும் பாத்தாச்சு. 2012 டிசம்பர்ல ஸ்ரீநகர்ல பத்தாம் வகுப்புப் பொண்ணுங்க மூணு பேர், 'பிரகாஷ்'னு ராக் குழு. மேடையேறிப் பரிசும் வாங்கினாங்க. இணையத்துல வசவும் மிரட்டலும், அதுக்கு மேல தலைமை முஃப்தியோட எதிர்ப்பு. 2013 பிப்ரவரியில குழு கலைஞ்சு போச்சு. பிரகாஷ்னா அங்க வெளிச்சம்னு அர்த்தம். நல்லா வாசிச்சாங்களா, சுமாரா வாசிச்சாங்களாங்கிறதை ஊரு பொறுமையா உக்காந்து கேக்கவே இல்லை.

அங்க பூட்டினது முஃப்தி. கொழிஞ்சாம்பாறையில நீங்களும் நானும்தான் மச்சான்.

டிரம்ஸுக்குப் பணம் அனுப்பியாச்சு. அக்காகிட்ட கேட்டுக்கோங்க. ஒரு வருஷம் அடிக்கட்டும். அதுக்கப்புறம் நீங்க சுருதி பத்திப் பேசுங்க, நான் வாயைத் திறக்கலை.

டிஸ்கி: பக்கத்து வீட்டுக்காரங்க புகார் சொன்னா என் நம்பரைக் குடுங்க.