விலை வேறு, சான்று வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய டிவி வாங்குவோர் விலை கூடிய எச்.டி.எம்.ஐ. கேபிளையே வாங்க வேண்டும் என்று தங்கள் இதழில் வந்த ஆலோசனையை ஏற்க முடியவில்லை. அந்தக் கேபிளில் போவது டிஜிட்டல் சிக்னல். அது முழுதாக வந்து சேர்ந்தால் மலிவான கேபிளிலும் அதே படம்தான். சேராவிட்டால் திரையில் புள்ளிகள் மின்னும், படம் விட்டுவிட்டு வரும், அல்லது அடியோடு நின்றுவிடும். நிறம் செழிப்பாவதும் கறுப்பு ஆழமாவதும் கேபிளால் நடப்பதில்லை. நொடிக்கு 60 பிரேம் ஓடும் 4கே படத்துக்கு நொடிக்கு 18 ஜிகாபிட் வேகம் போதும். செட்டாப் பாக்ஸுக்கும் டிவிக்கும் இடையே உள்ள ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்கு, ஒழுங்காகச் செய்த சாதாரண கேபிளே அதைத் தாங்கும். இதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பது வீண்.

அப்படியானால் சில கேபிள்களுக்குத் தரப்படும் தரச் சான்று எதற்கு என்று கேட்கலாம். 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' சான்று, அந்தக் கேபிள் நொடிக்கு 48 ஜிகாபிட் வேகத்தைத் தாங்குகிறது என்ற சோதனையின் முடிவு. நொடிக்கு 120 பிரேமில் 4கே விளையாட்டு ஆடுவோருக்கு அது அவசியம். ஆனால் சான்று பெற்றவற்றிலும் விலை குறைந்ததே போதும். எங்கள் காரைக்கால் கடலோர உப்புக்காற்றில் மலிவான கேபிளின் முனை அரித்துப்போகுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் தங்க முலாம் பூசிய முனை மலிவான கேபிள்களிலும் கிடைக்கிறது.

கேபிள் பெட்டியில் 'எச்.டி.எம்.ஐ. 2.1' என்று பதிப்பு எண்ணை அச்சிட்டிருப்பது சான்றாகாது. சான்று பெற்ற பெட்டியில் ஸ்கேன் செய்யக்கூடிய லேபிள் இருக்கும். கடைக்காரர்கள் அதை வாடிக்கையாளர் முன்னால் செல்போனில் சரிபார்த்துக் காட்டிய பிறகே கூடுதல் விலை கேட்க வேண்டும்.

– ஒரு வாசகர், போலகம்