பாதி படித்த கல்வெட்டு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், ஊர் வருவதற்குச் சற்று முன்னால் திருப்புலிவனம். அங்கே இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வியாக்ரபுரீஸ்வரர் கோயில் தட்சிணாமூர்த்தியைப் பார்க்க வந்தவர்கள். இறங்காமல் உத்திரமேரூர் போகிறவர்களில் சிலர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வந்தவர்கள். பார்த்துவிட்டு அவர்களில் பலர் சொல்வது இதுதான்: "1,100 வருஷத்துக்கு முன்னாடியே அரசாங்கம் இல்லாம ஊர் தன்னைத்தானே ஆண்டிருக்கு, பாருங்க. இப்ப எல்லாத்துக்கும் அரசாங்கத்துக்கிட்ட கையேந்துறோம். அது ஒதுங்கிக்கிட்டாலே பாதி நல்லது நடந்துடும்."

1830இல் சார்லஸ் மெட்காஃப் என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்தியக் கிராமங்களைச் சிறு குடியரசுகள் என்று எழுதினார். அன்று முதல் இந்தப் பேச்சுக்குப் படித்தவர்களிடமும் மவுசு உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு வாதமாக எடுத்துப் பார்ப்போம்.

வாதம் 1: அரசாங்கம் இல்லாமலே ஊர் நடந்தது

கல்வெட்டின் தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து படிப்பதால் வரும் முடிவு இது. கி.பி. 919இல், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அரசாணைப்படி தத்தனூர் மூவேந்தவேளான் உடனிருக்க, ஊர்ச் சபை குடவோலை ஏற்பாட்டைச் செய்தது. 921இல் அதே போல வந்து அமர்ந்தவர் சோமாசிப் பெருமான். 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, ஊரைப் பிரித்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, விவரமறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னது சபைதான். ஏரி, தோட்டம், பொன் என்று தனித்தனி வாரியம் வைத்து வேலை பார்த்ததும் அதே சபைதான். அந்த அதிகாரம் உண்மையானது. அதை முறைப்படுத்தும் ஆணை அரசனிடமிருந்து வந்தது என்பதும் அதே அளவு உண்மை. அரசு ஒதுங்கி நின்றதற்குச் சாட்சியாகக் காட்டும் கல்லிலேயே அரசனின் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

வாதம் 2: ஊரிடம் விட்டுவிட்டால் ஊருக்கெல்லாம் நல்லது

எந்த ஊர்? யாருடைய ஊர்? வாரியத்துக்கு வர கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். அந்த நிலத்தில் ஏர் பிடித்தவர் பெயரோ, நாற்று நட்டவள் பெயரோ குடத்துக்குள் போனதில்லை.

நம் காலத்துக்கு வருவோம். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே முறையாக ஒரு தலைவர் நிலைக்க முடியவில்லை. மனு போட விடாமல் தடுத்தார்கள். ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். ஊர் கூடி எடுத்த முடிவு அது! 2006இல் மாவட்ட நிர்வாகம் முழு மூச்சாக இறங்கிய பிறகுதான் அந்த நாற்காலியில் ஆள் அமர்ந்தார். ஊரை ஊரிடமே விட்டிருந்தால் அந்த நாற்காலி இன்றும் காலியாகவே கிடந்திருக்கும். பொதுநன்மை என்பதில் 'பொது' யார் என்பதை ஊரின் பெரும்புள்ளிகள் மட்டும் முடிவு செய்யக் கூடாது என்பதற்குத்தான் சட்டம்.

வாதம் 3: அரசு கைவைத்த பிறகுதான் ஏரி கெட்டது

இதில் பாதி உண்மை இருக்கிறது. பல்லவர் காலத்து வைரமேக தடாகத்தை ஏரி வாரியம் தூர்வாரிப் பேணியது உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் இருக்கிறது. பின்னால் வந்தது குடிமராமத்து. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு கரைக்கு வந்த காலத்தைப் பற்றி இன்றும் பெருமையாகப் பேசுகிறார்கள். ஆனால் அந்த வழக்கம் தானாகவே நடந்திருந்தால், 1858இல் சென்னை மாகாணம் அதற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டிய தேவை என்ன? நிலம் வைத்திருந்தவர் எல்லோரும் மனமுவந்து கரைக்கு வந்துவிடவில்லை என்பதுதான் அதன் பொருள்.

அரசின் பங்கையும் மறைக்க வேண்டாம். விவசாயத்துக்குக் கட்டணமில்லா மின்சாரம் வந்தது. வசதியுள்ளவர் கிணற்றில் மோட்டாரை இறக்கினார். அவரவர் கிணற்றில் தண்ணீர் இருக்கும்போது பொது மதகைப் பற்றி யாருக்குக் கவலை? ஏரி கெட்டது அரசு அதிகமாக வந்ததால் மட்டும் இல்லை. ஒரு கையால் கொடுத்துவிட்டு, மறு கையால் செய்ய வேண்டிய பராமரிப்பைச் செய்யாததால்.

இன்னொன்று. இந்தப் பக்கத்து ஏரிகள் சங்கிலி போன்றவை. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரி நிறையும். வரத்துக் கால்வாயை மேலூர்க்காரர் ஆக்கிரமித்தால் கீழூர் வாரியம் என்ன செய்யும்? அவர் கையைப் பிடிக்க இரண்டு ஊருக்கும் மேலே ஒருவர் வேண்டும். ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007இல் வந்தது அதற்குத்தான். சட்டம் ஏட்டில் தூங்கினால் அதை எழுப்பத்தான் வேண்டும், கிழிக்க வேண்டியதில்லை.

வாதம் 4: கொடுத்துக் கொடுத்துச் சனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள்

1956இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவு சேர்ந்தது. 1997இல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் எனச் சுருக்கியபோதும், தமிழ்நாடு எல்லோருக்கும் அரிசி என்பதை விடவில்லை. இவ்வளவு சாப்பிட்டவர்கள் சோம்பிக் கிடந்திருக்க வேண்டும். ஆனால் 2021-22 கணக்கின்படி உயர்கல்வியில் சேர்வோர் இந்தியாவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47.

திருப்புலிவனத்தில் இருப்பது அரசு கலைக் கல்லூரி. சுற்றுப்பட்டுப் பிள்ளைகள் விடுதிச் செலவில்லாமல் படிக்க ஊருக்குள்ளேயே பட்டப்படிப்பைக் கொண்டுவந்து வைத்த கை எது?

வேலையும் வானத்திலிருந்து விழவில்லை. தொழிற்பேட்டைகளை அமைக்கும் சிப்காட் 1971இல் அரசு தொடங்கிய நிறுவனம். 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது நிலமும் சாலையும் மின்சாரமும் காத்திருந்தன. விடியற்காலையில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்ட் பஸ் ஏறுகிறவர்கள் அந்தச் சத்துணவில் வளர்ந்தவர்கள்தாம்.

வாதம் 5: அரசு என்றாலே ஊழலும் அதிகாரமும்தான்

இதை மட்டும் நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊராட்சிகளுக்கு 2016இல் நடக்க வேண்டிய தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. இடையில் ஆண்டது தனி அலுவலர்கள். குடவோலைக்குப் பேர் போன வட்டாரத்தில் ஐந்து வருடம் வாக்குச்சீட்டே இல்லை! பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை 2022 முதல் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டது. நிலம் எடுக்கும் வேலை நிற்கவில்லை. சுறுசுறுப்பான அரசு காதில்லாத அரசாகவும் இருக்க முடியும்.

ஆனால் இதற்கு மருந்து அரசைக் குறைப்பதா? கோயில் சுவருக்கே திரும்புவோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக் கூடாது என்கிறது கல்வெட்டு. அவர் மட்டுமா? சித்தி மகன், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மருமகன் எல்லோருக்கும் கதவு அடைப்பு. எவனோ ஏரிப் பணத்தைத் தின்றான் என்பதற்காக ஏரி வாரியத்தைக் கலைத்துவிடவில்லை. தின்றவனையும் அவன் சொந்தத்தையும் வெளியே நிறுத்தினார்கள்.

919இல் எழுதிய விதி சரிவரவில்லை. இரண்டே ஆண்டில், 921இல், திருத்தி எழுதினார்கள். 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 ஆனது. முதல் ஆணையைச் சுரண்டி எடுக்கவும் இல்லை. இரண்டும் ஒரே கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. போய்ப் பார்க்கிறவர்கள் இரண்டையும் படித்துவிட்டு வரட்டும்.