கைப்பிடி மண்ணும் வண்டி மண்ணும்

சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் ஐயனாருக்குப் புரவி எடுப்பதென்று ஊர் கூடி முடிவு செய்தால், முதலில் குயவர் கையில் ஒரு பிடி மண்ணைக் கொடுப்பார்கள். அதற்குப் பிடிமண் என்று பெயர். ஐயனார் அந்தக் குதிரை மேல் ஏறிச் சவாரி போகிறாரா என்ற விவாதம் இப்போது வேண்டாம். ஊர் மண்ணை ஊரே தொழிலாளி கையில் ஒப்படைத்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

கைப்பிடி மண் இன்றும் கிடைக்கிறது. வண்டி மண் கேட்டால்தான் வம்பு வருகிறது!

குயவர் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்த தோழர்களுக்கு அதன் பாடு தெரியும். ஆளுயரக் குதிரையைச் சக்கரத்தில் வனைய முடியாது. களிமண்ணில் உமியும் மணலும் கலந்து மிதித்து, உள்ளே கூடாக விட்டு, கால் முதல் தலை வரை கொஞ்சம் கொஞ்சமாய் ஏற்ற வேண்டும். கீழ்ப்பாகம் இறுகாமல் மேலே வைத்தால் சரிந்துவிடும். ஈரம் தங்கிய உருவைச் சூளையில் வைத்தால் ஆவி வெளியேற வழியின்றி வெடிக்கும். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் ஓடாகும். பானையோ சக்கரத்திலிருந்து வரும்போது அடி திறந்திருக்கும். அதை வாடவிட்டு, உள்ளே கல்லை அணைத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் மூட வேண்டும். மண்ணை இடித்துச் சலிப்பதும் பிசைவதும் பெரும்பாலும் பெண்கள் பாடு. அந்தக் கூலியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இதற்கு எல்லா மண்ணும் ஆகாது. மணல் மிகுந்தால் வனையும்போதே விழும். வெறும் களியானால் காயும்போது பிளக்கும். எந்தக் கண்மாயில் எந்த மூலையில் நல்ல மண் என்பது குயவருக்குத் தெரியும். தாலுகா ஆபீஸ் மேசைக்குத் தெரியாது.

2023ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் அதே ஜில்லாவில் கீழடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய பானை ஓட்டுக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைத்தது. நல்லதுதான்! இன்றைக்குப் பானை செய்கிறவருக்கு என்ன கிடைத்தது?

நியாயமாய்ச் சொல்வோம். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் தாசில்தார் அனுமதியோடு நீர்நிலைகளில் கட்டணமின்றி மண் எடுக்கலாமென்று 2024ல் சர்க்கார் வழி செய்தது. போராடிக் கேட்டதில் ஒரு பகுதி கைக்கு வந்திருக்கிறது. அதை இகழ மாட்டோம். ஆனால் இது அனுமதி, உரிமை அல்ல. அதிகாரி கையெழுத்துக்குக் காத்திருக்கும்போதே மழை வந்து கண்மாய் நிரம்பிவிட்டால், அந்த ஆண்டுக் கதை முடிந்தது. லாரி வைத்திருப்பவன் இப்படிக் காத்துக் கிடப்பதை நாம் எங்கும் பார்த்ததில்லை! மண் இல்லாத குயவர் செங்கல் சூளைக்குக் கூலியாய்ப் போய், அடுத்தவனுக்கு மண் மிதிக்கிறார்.

ஊருக்கு ஊர் குயவருக்கென்று கண்மாயில் இடம் குறித்து, அவர்கள் சங்கத்தின் பெயரிலேயே ஆண்டுதோறும் மண் எடுக்கும் உரிமையை எழுதித் தரவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

ஐப்பசி மழையில் பானை காயாது; சூளையும் எரியாது. தைப் பொங்கல் பானைக்கான மண்ணைக் கோடையில், கண்மாய் வற்றிக் கிடக்கும்போதே சேர்த்தாக வேண்டும். மே முதல் நாள் கிராம சபை கூடுவதும் அந்தக் கோடையில்தான். ஊரில் குயவர் வீடு நாலோ ஐந்தோ இருக்கும்; அவர்கள் கை மட்டும் உயர்ந்தால் தீர்மானம் நிறைவேறாது. வயலில் கலயக் கஞ்சி குடித்து வளர்ந்த விவசாயத் தொழிலாளர்களும், அன்றைக்கு லீவில் ஊருக்கு வரும் மில் தோழர்களும் அங்கே போய்க் கை தூக்க வேண்டும்.