மேல் வீட்டு ஷவர், கீழ் வீட்டுச் சுவர்

வடக்கு ரயில்வேயின் கட்டடப் பிரிவில் முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சேர்ந்த காலத்தில் எங்களை ஐ.ஓ.டபிள்யூ. என்பார்கள். பிற்பாடு செக்‌ஷன் எஞ்சினீயர் என்று பெயர் மாறியது. பெயர் மாறியதே தவிர, ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கே ஒழுகினாலும் முதலில் திட்டு வாங்குகிற ஆள் மாறவில்லை. 'மேல் வீட்டு பாத்ரூமிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீர் சொட்டுகிறது' என்ற புகாரை எத்தனை நூறு தடவை படித்திருப்பேனோ, கணக்கில்லை. அப்பேர்ப்பட்டவன் வீட்டு பாத்ரூமே ஒழுகிற்று என்றால் அன்பர்கள் சிரிப்பீர்கள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பது சும்மாவா?

கிழக்கு தில்லியில் ஒரு ஹவுசிங் சொசைட்டியில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். முப்பது வருஷத்துக் கட்டடம். வெளிநாட்டிலிருக்கும் பெண், குழந்தையோடு வருவதாக எழுதினாள். "அப்பா, இன்னுமா பக்கெட்டும் சொம்பும்? ஒரு ஷவர் வையுங்களேன்" என்றாள். நியாயந்தானே! ஆனால் கையில் இருந்தது பன்னிரண்டு நாள். வந்த மிஸ்திரி, பழைய டைல்ஸை உடைத்து எடுத்தான். சுவரைக் கொத்திக் குழாயைப் பதித்தான். பளபளவென்று புது டைல்ஸ் ஒட்டினான். "கீழே மருந்து பூச வேண்டாமா, தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டேன். "ஃபிகர் மத் கீஜியே, ஸாப்" என்றான். நாள் இல்லை என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். குற்றம் அவனுடையதல்ல, என்னுடையது. தெரியாதவன் செய்தால் தவறு; தெரிந்தவன் செய்தால் அதற்கு வேறு பெயர்.

மூன்று மாதம் கழித்துக் கீழ் வீட்டு அம்மாள் படியேறி வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம். இருபது வருஷப் பழக்கம். தீபாவளி பட்சணமும் பொங்கல் கரும்பும் மாடிப்படியில் ஏறி இறங்கிய வீடுகள். "அண்ணா, ஒரு நிமிஷம் கீழே வந்து பாருங்களேன்" என்றார். பாத்ரூமை ஒட்டின படுக்கையறைச் சுவர் முழுக்க ஈரம் பூத்திருந்தது. சுவருக்குள் பதித்த மர அலமாரியைத் திறந்தார். உள்ளே அவருடைய கல்யாணக் கூறைப் புடவை, மடிப்போடு மடிப்பாகப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று தோன்றிற்று. அதற்கப்புறம் ஆறு மாதம், லிஃப்டில் பார்த்தாலும் இரண்டு குடும்பமும் தரையைப் பார்த்துக்கொண்டு போனோம்.

இதை ஏன் சங்கப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்றால், நம்மவர்களில் பலர் இப்போது பழைய ஃப்ளாட்டுகளில் பாத்ரூமைப் புதுப்பிக்கிறார்கள். எல்லோரும் டைல்ஸின் நிறத்தைப் பற்றி என்னைக் கேட்கிறார்கள். டைல்ஸின் அடியில் என்ன இருக்கிறது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

முதலில் ஒரு விஷயம். ஷவர் என்பது பக்கெட்டுக்குப் பதில் வந்த இன்னொரு சாமான் அல்ல. அது தண்ணீர் போகிற வழியையே மாற்றிவிடுகிறது. ஊரில் கிணற்றடியில் குளித்தோம். தண்ணீர் வாழைக்குப் போயிற்று. தில்லிக்கு வந்து பக்கெட்டில் குளித்தோம். பதினைந்து இருபது லிட்டர், அதுவும் முழங்கால் உயரத்துக்கு மேல் சுவரில் படாது. அதனால்தான் பழைய கட்டடங்களில் மூன்று நாலடி உயரத்துக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டிவிட்டு நிறுத்தினார்கள். ஷவரோ தலைக்கு மேலிருந்து பத்து நிமிஷத்தில் எண்பது, நூறு லிட்டரைக் கொட்டும். ஆறேழு அடி உயரச் சுவரைத் தினமும் நனைக்கும். பக்கெட்டுக் குளியலுக்காகக் கட்டிய அறையில் ஷவரை மட்டும் மாட்டினால், அந்தச் சுவருக்கு அது வாழ்நாளில் பார்க்காத மழைக்காலம்.

இரண்டாவது, டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்பது நம் எல்லோருக்கும் உள்ள மூடநம்பிக்கை. டைல் தடுக்கலாம், இரண்டு டைலுக்கு நடுவில் அடைத்த சிமெண்ட் தடுக்காது. அதன் வழியாகத் தண்ணீர் மெதுவாக உள்ளே இறங்கும். பெரும்பாலான ஃப்ளாட்டுகளில் பாத்ரூம் தளத்தைப் பள்ளமாக விட்டு, குழாய்களைப் போட்டு, மேலே நிரப்பியிருப்பார்கள். நிரப்புவது என்ன? உடைத்த செங்கல்லும் மல்பாவும்! அதற்குள் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியின்றித் தொட்டிபோலத் தேங்கி நிற்கும். உங்கள் காலடியில் ஒரு குளம் இருப்பது உங்களுக்குத் தெரியாது. கீழ் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

ஈரம் வெறும் சுண்ணாம்போடு நிற்பதில்லை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை, கான்கிரீட்டின் காரத்தன்மைதான் துருவிடாமல் காக்கிறது. வருஷக்கணக்கில் ஈரம் ஊறினால் அந்தக் காவல் போய்விடும். துரு, இரும்பைவிட இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கும். அது வீங்கி, கான்கிரீட்டைப் பிளந்து, பாளம் பாளமாக விழவைக்கும். 2022 பிப்ரவரியில் குருகிராமின் சின்டெல்ஸ் பாரடைஸோ குடியிருப்பில் ஒரு பகுதி சரிந்து இரண்டு பேர் இறந்தது நினைவிருக்கும். அங்கே பிரச்சினை பாத்ரூம் ஒழுக்கல் அல்ல. கான்கிரீட்டிலேயே குளோரைடு கலந்திருந்ததை ஐ.ஐ.டி. தில்லி நிபுணர்கள் கண்டார்கள். ஆனாலும், கம்பி துருப்பிடித்தால் கட்டடம் என்ன ஆகும் என்பதை அதிலிருந்து நாம் தெரிந்துகொள்ளலாம்.

ரயில்வேக்காரனுக்கு இது புதிதல்ல. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்த பழைய மாதிரிப் பெட்டிகளில் துரு முதலில் அரித்த இடங்களில் ஒன்று கழிப்பறையின் அடித்தளம். பெட்டியிலிருந்து தண்டவாளத்தில் விழுந்த கழிவுநீர் தண்டவாளத்தையும் அதைப் பிடித்திருக்கும் இணைப்புகளையும் அரித்தது. 2012-ல் ககோட்கர் குழு, பாதுகாப்பைக் கருதி அந்த முறையையே மாற்றச் சொன்னது. இன்று பெட்டிகளில் பயோ-டாய்லெட் வந்துவிட்டது. இரும்பு ரயிலில் இருந்தாலென்ன, நம் வீட்டுத் தளத்தில் இருந்தாலென்ன, தண்ணீருக்கு எல்லாம் ஒன்றுதான்.

சரி, என்னதான் செய்யவேண்டும்? பெரிய வித்தை ஒன்றுமில்லை.

பழைய நிரப்பலை முழுக்க அள்ளி, கான்கிரீட் தெரியும்வரை சுத்தம் செய்யவேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக உருட்டவேண்டும். இதைத்தான் மிஸ்திரிகள் 'கோலா' என்பார்கள். கூர்மையான மூலையில்தான் பூச்சு முதலில் விரியும். தளத்தைத் துளைத்துக்கொண்டு குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றிக் கொத்தி, பாலிமர் கலந்த கலவையால் அடைக்கவேண்டும். நான் பார்த்தவரை பாதி ஒழுக்கல் அங்கேதான்.

பிறகு நீர்த்தடுப்புப் பூச்சு. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் இதற்கு அளவே கொடுத்திருக்கிறார்கள். முதல் பூச்சுக்குச் சதுர மீட்டருக்கு 0.488 கிலோ சிமெண்ட், 0.253 கிலோ நீர்த்தடுப்பு மருந்து. நாலு மணி நேரம் காயவேண்டும். இரண்டாம் பூச்சுக்கு 0.242 கிலோ சிமெண்ட், 0.126 கிலோ மருந்து. மறுபடி நாலு மணி நேரம். அதன்பின் 48 மணி நேரம் தண்ணீர் விட்டு இறுகவிட வேண்டும். நாலு சதுர மீட்டர் பாத்ரூமின் தரைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று கிலோ சிமெண்ட், ஒன்றரைக் கிலோ மருந்து! இதை மிச்சம் பிடிக்கப்போய்த்தான் இருபது வருஷச் சிநேகத்தைத் தொலைத்தேன். பூச்சு தரையோடு நிற்கக்கூடாது. சுற்றிலும் சுவரில் ஓரடியாவது ஏறவேண்டும். ஷவர் இருக்கும் சுவரில் ஏழடி வரை போகவேண்டும்.

பூசியதும் சோதனை. தண்ணீர் போகும் வாயைத் துணியும் மூடியும் போட்டு அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, இரண்டு முழு நாள் விடவேண்டும். "வெயிலில் ஆவியாகப் போயிற்று, ஸாப்" என்று மிஸ்திரி சொல்வான். அதற்கும் ஒரு வழி உண்டு. அதே அறையில் ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். பாத்திரத்தில் குறைந்த அளவுதான் தரையிலும் குறைந்தால் அது ஆவி. தரையில் அதிகம் குறைந்தால் அது ஒழுக்கல். பாத்திரம் பொய் சொல்லாது.

சுவருக்குள் பதிக்கும் குழாய்க்கும் இதே நியதி. பூசி மூடுவதற்கு முன் பம்ப்பால் அழுத்தம் ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். தில்லிக் குளிரில் கீஸர் இல்லாமல் முடியாது. ஆகையால் வெந்நீருக்கு ஏற்ற சி.பி.வி.சி. குழாய்தான் போடவேண்டும். அகலமான 'மழை ஷவர்' வாங்குமுன் மொட்டைமாடித் தொட்டியைப் பாருங்கள். ஷவருக்கு மூன்று மீட்டர் மேலே தொட்டி இருந்தால் கிடைக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோதான். அதில் மழை வராது, தூறலே வரும். தரைச் சரிவு நாலடிக்கு அரை அங்குலமாவது வேண்டும். ஷவர் மூலையில் டைல் இடுக்குக்கு எபாக்ஸி போடுங்கள். கடைசியில் சோப்புப் பெட்டி மாட்டுகிறேன் என்று ஈரச் சுவரில் கண்ட இடத்தில் துளை போட விடாதீர்கள். அத்தனை வேலையும் அந்த ஒரு துளையில் போய்விடும்.

இனி என் அபிப்பிராயம். வீடு நம்முடையது, காசு நம்முடையது, பாத்ரூமை எப்படிக் கட்டினால் யாருக்கென்ன என்று நினைக்கிறோம். அடுக்குமாடியில் அது செல்லாது. என் தரைதான் அவருடைய கூரை. அந்தத் தரையில் நான் செய்யும் காரியத்துக்கு அவரும் பங்காளி. ரயில்வேயில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. அஸ்திவாரமானாலும் கம்பியானாலும், மண்ணோ கான்கிரீட்டோ போட்டு மூடிவிடப்போகிற வேலையை, மூடுவதற்கு முன் அதிகாரி நேரில் வந்து பார்த்து, அளந்து, எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். மூடியபின் யார் சத்தியம் செய்தாலும் எடுபடாது.

நம் சொசைட்டிகளிலும் இதைக் கொண்டுவரலாம். பாத்ரூமை உடைக்க அனுமதி கேட்டு வருபவரிடம், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் 48 மணி நேரத் தண்ணீர்ச் சோதனை செய்தாகவேண்டும் என்று நிர்வாகக் குழு நிபந்தனை போடட்டும். இரண்டாம் நாள் மாலை மேல் வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்து, கீழ் வீட்டுக்காரரோடு நின்று அந்த மேற்கூரையைப் பார்க்கட்டும். இருவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போடட்டும். இரண்டு நாள் தாமதம்தான் செலவு. "அதெல்லாம் பாலிசி, பிரச்சினை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. வந்தபின் பார்ப்பது எப்படி இருக்கும் என்று நான் பார்த்துவிட்டேன். புது டைல்ஸ் அத்தனையையும் நானே நின்று உடைக்கவைத்தேன். செலவு இரட்டிப்பு. கீழ் வீட்டுச் சுவரையும் அலமாரியையும் சரிசெய்து கொடுத்தேன். புடவையைச் சரிசெய்ய எந்த எஞ்சினீயராலும் முடியவில்லை.

இரண்டாம் தடவை வேலை செய்தபோது தண்ணீரைக் கட்டிவிட்டுக் கீழே போய்க் கதவைத் தட்டினேன். "இரண்டு நாள் தண்ணீர் நிற்கும். தினமும் காலையும் மாலையும் வந்து உங்கள் கூரையைப் பார்க்க அனுமதி வேண்டும்" என்றேன். முதல் நாள் கதவைத் திறந்துவிட்டு அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். இரண்டாம் நாள் காலை அவருடைய கணவர் நாற்காலி போட்டு ஏறி, கூரையைத் தானே தடவிப் பார்த்து, "காய்ந்துதான் இருக்கு சார்" என்றார். அன்று மாலை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது: "அண்ணா, காப்பி ஆறிடப் போறது."

கூரை காய்ந்திருந்தது. என் கண்தான் கொஞ்சம் ஈரமாக இருந்தது.