சான்று மாதிரி எங்கே?

எந்த நாட்டின் ஆளுகைக்கும் உட்படாத கடற்பரப்பின் உயிர்ப்பன்மைக்கான ஐ.நா. உடன்படிக்கை 2026 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. உறுப்பு நாடுகளின் ஆய்வுக்குழுக்கள் மாதிரி சேகரிக்க ஆறு மாதத்துக்கு முன்போ, இயன்றவரை முன்கூட்டியோ அறிவிப்புத் தர வேண்டும். சேகரித்த ஓராண்டுக்குள் இடம், ஆழம், வரிசைத் தரவு இருக்கும் தரவுத்தளம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும்.

படிவங்கள் கூடும், ஆனாலும் இவ்விதழ் இதை வரவேற்கிறது. விலங்குகளின் கிளைமரத்தில் அடிக்கிளை எது என்று இதுவரை வாதிட உதவியவை பெரும்பாலும் கரையோரத்தில் கைக்கெட்டிய உயிர்கள். 2010இல் மரபணுத்தொகுதி வெளியான ஆம்ஃபிமெடான் கடற்பஞ்சு ஹெரான் தீவுப் பவளத்திட்டில் வாழ்வது; 2013இல் வந்த நெமியாப்சிஸ் என்ற சீப்பு ஜெல்லி அட்லாண்டிக் கரையோரவாசி. 2023இல் ஷுல்ட்ஸ் குழுவினர் குரோமோசோம் ஒப்பீட்டைக் கொண்டு, சீப்பு ஜெல்லிகளே முதலில் பிரிந்தவை என்றனர். இணைந்து கலந்துவிட்ட மரபணுக் கூட்டங்கள் பழையபடி பிரிவது ஏறக்குறைய நடவாத காரியம் என்பதால் அந்த வாதம் வலுவானது. இருந்தும் கடற்பஞ்சுகளை அடியில் வைக்கும் பகுப்பாய்வுகள் நின்றபாடில்லை. ஆழ்கடல் வம்சங்கள் சேராமல் இந்த வழக்கு முடியாது.

உடன்படிக்கை கோட்டைவிட்ட இடம் வேறு.

கப்பலின் பெயரையும் டன் அளவையும் கேட்கும் 12ஆம் பிரிவு, விலங்கை இனங்கண்டது யார் என்று கேட்கவில்லை. மாதிரி எங்கே இருக்கிறது என்று கேட்கிறது. அது முழு உடலா, திசுத் துணுக்கா என்று கேட்கவில்லை. சீப்பு ஜெல்லியைக் கையாண்டவர்களுக்கு இதன் விபரீதம் புரியும். பல இனங்கள் வலை பட்டாலே கிழியும். நீர்மூழ்கி ரோபோவின் ஒளிபுகும் உருளைக்குள் நீரோடு சேர்த்து மூடிக் கொண்டுவந்தாலும், மென்மையான இனங்கள் ஃபார்மலினில் கரைந்துவிடும். திசு திரவ நைட்ரஜனுக்குப் போனபின் எஞ்சுவது தரவுத்தளத்தில் ஓர் எண்ணும் அரைகுறைப் பெயரும்தான். பெயருக்கு ஆதாரமாகப் பாதுகாக்கும் உடல், அதாவது சான்று மாதிரி, இல்லாமல் பிறகு அதை யார் சரிபார்ப்பது?

சரிபார்ப்பு வீண்வேலை என்பவர்கள் 2018ஐ நினைத்துப் பார்க்கட்டும். ட்ரைக்கோபிளாக்ஸ் என்ற நுண்ணிய கடல்விலங்கைப் போலவே தோன்றிய ஹாங்காங் உயிரி, ஹொய்லுங்கியா என்ற தனிப் பேரினம் என்று மரபணுத்தொகுதி காட்டியது. ஆய்வகத்தில் வளர்க்க முடிந்ததால் திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்தது. ஆழ்கடல் ஜெல்லிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வரிசைப்படுத்தும் கருவிக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் சாடிக்கும் அலமாரிக்கும் கைவிரிக்கிறார்கள். வகைப்பாட்டியலாளர் ஓய்வுபெற்றால் அந்த நாற்காலியும் சேர்ந்து போய்விடுகிறது. பலனைப் பங்கிடுவது பற்றி ஆண்டுக்கணக்கில் பேசிய அதிகாரிகளுக்கு, எந்த உயிரின் பலன் என்பதை உறுதிசெய்ய ஒரு வரி சேர்க்கத் தோன்றவில்லை. இது மறதி அல்ல, அலட்சியம்.

நடைமுறைக்கு வந்த ஓராண்டுக்குள் உறுப்பு நாடுகளின் முதல் மாநாடு கூடியாக வேண்டும். 2024 செப்டம்பரிலேயே கையெழுத்திட்ட நாடு இந்தியா. உயிரோடு எடுத்த படம், இனங்கண்டவர் பெயர், சான்று மாதிரியின் எண் ஆகிய மூன்றையும் ஓராண்டு அறிக்கையில் கட்டாயமாக்கக் கோரி, வாசகர்கள் புவி அறிவியல் அமைச்சகத்துக்கு இப்போதே எழுத வேண்டும்.