எந்த ஆட்டத்தை மனப்பாடம் செய்வது?

'கோ' என்னும் ஆட்டம் சீனத்தில் தோன்றி, கொரியாவிலும் ஜப்பானிலும் செழித்து வளர்ந்தது. பலகையில் நெடுக்கே 19 கோடுகள், குறுக்கே 19 கோடுகள். அவை சந்திக்கும் 361 புள்ளிகளில் ஒருவர் கறுப்புக் காயும் மற்றவர் வெள்ளைக் காயும் மாறி மாறி வைக்க வேண்டும். வைத்த காயை நகர்த்தக் கூடாது. எதிரியின் காய்களால் முற்றிலும் சூழப்பட்ட காய் வெட்டுப்படும். அதிக இடத்தை வளைத்தவரே வென்றவர்.

இதில் தேர்ச்சி பெற ஒரு பழைய வழி உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆடிய ஆட்டங்களை மனப்பாடம் செய்து, வெறும் பலகையில் முதலிலிருந்து வைத்துப் பார்ப்பது. நல்ல வழிதான். ஆனால் எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது?

"மிக வலிமையானவரின் ஆட்டத்தை" என்பார் சிலர். அப்படியானால் இன்று கணிப்பொறியின் ஆட்டத்தைத்தான் எடுக்க வேண்டும். 2016 மார்ச்சில் ஆல்ஃபாகோ என்னும் நிரல், கொரிய வீரர் லீ செடோலை 4–1 என்று வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் அது வைத்த 37-ஆம் காயைக் கண்ட வல்லுநர்களே திகைத்தனர். வல்லுநருக்கே விளங்காத ஒன்றை, தொடக்க நிலையிலுள்ள மாணவர் நெட்டுருப் போட்டு என்ன பயன்?

நினைவு எப்படி இயங்குகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். 1973-இல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்னும் இருவர் சதுரங்கத்தைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். உண்மையான ஆட்டத்தின் நடுநிலையை ஐந்து வினாடி மட்டுமே காட்டினர். தேர்ந்த ஆட்டக்காரர் சுமார் 16 காய்களைத் திரும்பச் சரியாக வைத்தார். புதியவரால் நான்கையே வைக்க முடிந்தது. காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டியபோதோ அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது! தேர்ந்தவரின் நினைவு பொருளுள்ள அமைப்பைத்தான் பற்றிக்கொள்கிறது. காரணம் தெரியாத ஆட்டம் நமக்குத் தாறுமாறாக வைத்த காய்களைப் போன்றதே.

ஆகவே என் கருத்து இது: காய்களில் பாதிக்காவது 'ஏன் இங்கே?' என்று உங்களால் விடை கூற முடிகிற ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். நல்ல விளக்கவுரை உள்ளதாக இருக்கட்டும். 150 காய்களுக்குள் முடிந்த ஆட்டம் சிறந்தது. அதிலும் முதல் ஐம்பது காய்களே தொடக்கத்திற்குப் போதும்.

புகழைக் கண்டு மயங்க வேண்டாம். 1846-இல் ஜப்பானியர் சூசாகு, கென்னான் இன்செக்கியுடன் ஆடிய ஆட்டம் உலகப் புகழ் பெற்றது. சூசாகுவின் 127-ஆம் காயைக் கண்டதும் இன்செக்கியின் காது சிவந்தது என்பது கதை. ஆயினும் அது 325 காய்கள் கொண்டது, தொடக்கமே சிக்கலானது. அதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைத்துக்கொள்ளலாம்.

மற்றொன்றையும் கவனியுங்கள். கறுப்பு முதலில் ஆடுவதால் அதற்கு அனுகூலம் உண்டு. அதை ஈடுகட்ட ஜப்பானில் இன்று வெள்ளைக்கு 6½ புள்ளி தருகிறார்கள். சூசாகு காலத்தில் இவ்வழக்கம் இல்லை. கறுப்பு நிதானமாக ஆடினாலே வெல்ல முடிந்தது. விதி மாறினால் காரணமும் மாறும் அன்றோ?

"குழந்தை இலக்கணம் அறிந்தா பேசக் கற்கிறது? நல்ல ஆட்டம் கண்ணுக்குப் பழகினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் குழந்தை கேட்கும் ஒவ்வொரு சொல்லோடும் ஒரு பொருள் சேர்ந்தே வருகிறது. பொருளே அறியாத மொழியை வானொலியில் மட்டும் கேட்டு எவரும் பேசக் கற்பதில்லை.

நான் கற்பிக்கும் இயற்பியலிலும் இதையே காண்கிறேன். தனி ஊசலின் சூத்திரத்தை நெட்டுருப் போட்ட மாணவர், நடுவில் ஒரு வரி மறந்தால் அங்கேயே நின்றுவிடுகிறார். குண்டின்மீது விசை எத்திசையில் செயற்படுகிறது என்று அறிந்தவரோ மறந்த வரியைத் தாமே வருவித்துவிடுகிறார்.

பலகையிலும் இதே சோதனையைச் செய்து பாருங்கள். ஆட்டத்தை வைத்து வரும்போது ஒரு காய் மறந்துபோனால், உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். 'இப்போது எது அவசரம்? எந்தக் கூட்டம் ஆபத்தில் உள்ளது?' என்று சிந்தியுங்கள். அந்தச் சிந்தனை உங்களைச் சரியான இடத்திற்கோ அதன் அருகிலோ கொண்டு சேர்த்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த ஆட்டம் உங்களுக்கு ஏற்றதுதான். இல்லையேல் எளிதான வேறொன்றை எடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.