பெருக்க ஒருவர், தண்ணீருக்கு ஒருவர்: புதிய ஆசிரியர்களிடம் நாம் கேட்பது

பணி ஆணையுடன் நம் ஊர்ப் பள்ளிகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் எளிதாக வந்துவிடுவதில்லை. தகுதித் தேர்வு எழுதி, பிறகு நியமனத் தேர்வும் எழுதி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வருகிறார்கள். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் என்ற பகுதிக்கு 30 மதிப்பெண் என்று உருப்போட்டிருப்பார்கள். எண்ணும் எழுத்தும் பயிற்சியில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் நடத்தக் கற்றிருப்பார்கள். வகுப்பறையைப் பெருக்கத் துடைப்பத்தை யார் கையில் கொடுப்பது, ஆசிரியரின் தண்ணீர் பாட்டிலை நிரப்பிவர யாரை அனுப்புவது என்பதை மட்டும் எந்தப் பயிற்சியும் சொல்லித்தருவதில்லை. பள்ளியில் தன் இடம் எது என்பதை நம் பிள்ளை முதலில் தெரிந்துகொள்வது இந்த இரண்டு வேலைகளிலிருந்துதான்.

பல ஊர்களில் இது எழுதப்படாத ஏற்பாடு. பெருக்குவதற்குக் காலனிப் பிள்ளை, குடிதண்ணீர் கொண்டுவர ஊர்த்தெருப் பிள்ளை. யாரும் உத்தரவு போட்டிருக்க மாட்டார்கள். பழைய ஆசிரியர் அப்படிச் செய்தார், பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். புதிய டீச்சர் முதல் நாள் "யாராவது போய்த் தண்ணி பிடிச்சிட்டு வாங்கப்பா" என்று சொன்னால் எழுந்து ஓடுகிறவன் யார் என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அவர் சாதி பார்க்காதவராகவே இருக்கலாம். ஆனாலும் அவர் பெயரால் சாதி நடந்துவிடுகிறது. நாம் பேச வந்தது இதைப் பற்றித்தான். பெரிய வன்முறை நடந்தால் செய்தியாகிறது. தினமும் நடக்கும் இது செய்தியாவதில்லை.

எனவே முதல் வாரத்திலேயே வருகைப் பதிவேட்டு வரிசைப்படி வேலைப் பட்டியல் ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இன்று 1 முதல் 4 வரை பெருக்குவார்கள், 5-ம் 6-ம் தண்ணீர், நாளை அடுத்த எண்கள். ஆண் பிள்ளையும் பெருக்கட்டும். வரிசைக்கு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. "எங்க புள்ளைய எப்படி நீங்க பெருக்கச் சொல்லலாம்" என்று ஒரு பெற்றோர் வந்து நின்றால், பட்டியலைக் காட்டினால் போதும், விவாதம் வேண்டாம். கழிவறை விஷயத்தில் பட்டியலே கிடையாது. எந்தப் பிள்ளையும் கழிவறையைக் கழுவக்கூடாது. அதற்கு ஆள் போடுவது நிர்வாகத்தின் வேலை. நம் பிள்ளைகளை வைத்துக் கழிவறை கழுவச் செய்த தலைமை ஆசிரியர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவான மாநிலம் இது. "எச்.எம். சொன்னார், செய்தேன்" என்ற பதில் புதிய ஆசிரியரைக் காப்பாற்றாது.

உட்காரும் இடமும் அப்படித்தான். பிள்ளைகளை அவர்கள் விருப்பத்துக்கு விட்டால் ஊர் எப்படிப் பிரிந்து கிடக்கிறதோ அப்படியே வகுப்பறையும் பிரிந்துகொள்ளும். அம்பேத்கர் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியே உட்கார்ந்து படித்தார் என்று பாடம் நடத்தும்போதே, கடைசி வரிசையில் நம் பிள்ளைகள் மொத்தமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்த கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது, கையில் வண்ணக் கயிறு கட்டி வரக்கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. அறிக்கையைப் பற்றி மேடைகளில் பேசித் தீர்த்துவிட்டோம். அகர வரிசைப்படி பெஞ்சை மாற்றுவதற்கு மேடை தேவையில்லை. ஒரு புதிய ஆசிரியர் ஒரு காலைப் பொழுதில் செய்து முடித்துவிடலாம். அதையும் முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மாற்றினால் "ஏன் இப்ப மாத்துறீங்க" என்ற கேள்வி வரும். முதல் வாரத்தில் மாற்றினால் அது புது டீச்சரின் வழக்கம் என்று போய்விடும்.

உதவித்தொகைப் படிவம் வரும் நாள் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சோதனை. "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று ஒரு குரல். அந்த நிமிடம் வரை அருகருகே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தவர்கள் அப்போது பிரிந்துபோகிறார்கள். எழுந்து நின்றவனுக்கு அந்தப் பணத்தைவிட அந்த நிற்றல்தான் நினைவில் இருக்கும். இடைவேளையில் "உனக்கென்னப்பா, கவர்மெண்டே குடுக்குது" என்ற கிண்டல் வேறு. சந்துரு குழு இதையும் கவனித்திருக்கிறது. உதவித்தொகை விவரங்களை வகுப்பில் அறிவிக்காமல் மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. நம் யோசனை இன்னும் எளிது. மாதம் ஒருமுறை வகுப்பின் எல்லாப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிடுங்கள். நோட்டு இருக்கிறதா, செருப்பு இருக்கிறதா, கண் தெரிகிறதா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பேச்சோடு பேச்சாகப் படிவமும் கைமாறட்டும்.

படிவத்தைக் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு 3-ஆம் வகுப்பிலிருந்தே கல்வி ஊக்கத்தொகை உண்டு. 9, 10-ஆம் வகுப்புகளுக்கு, பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசுத் திட்டத்தில் உதவித்தொகை உண்டு. 8-ஆம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறினால் அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். இவையெல்லாம் கைக்கு வராமல் போவது பெரும்பாலும் வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததால், சாதிச் சான்றில் ஒரு பெயரும் பள்ளிப் பதிவில் இன்னொரு பெயரும் இருப்பதால். செங்கல் சூளைக்குப் போயிருக்கும் தகப்பனுக்கு இ-சேவை மையத்தில் போய் நிற்க நேரம் கிடையாது. எந்தப் பிள்ளைக்கு எந்தக் காகிதம் குறைகிறது என்று ஜூலைக்குள் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளும் ஆசிரியர், ஒரு குடும்பத்துக்குச் செய்யும் உதவி சாதாரணமானதல்ல.

சூளை என்றதும் வருகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொங்கல் முடிந்ததும் நம் ஆட்கள் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். பிள்ளையை யாரிடம் விட்டுப்போவது? பாட்டி இருந்தால் விடுவார்கள், இல்லாவிட்டால் கூடவே போகும். பதிவேட்டில் இது "நீண்ட நாள் வராதவர்" என்ற ஒற்றை வரியாகிவிடுகிறது. பேரை எடுப்பதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள். எந்த ஊர்ச் சூளை, அங்கே பக்கத்தில் பள்ளி உண்டா, எப்போது திரும்புவார்கள் என்று கேளுங்கள். திரும்பி வரும் பிள்ளைக்குப் பழைய இடமும் பழைய நோட்டும் காத்திருந்தால் அது மறுநாளும் வரும். "வந்துட்டாரு துரை" என்ற வரவேற்பு கிடைத்தால் வராது. நம் தெருவில் எட்டாம் வகுப்போடு நின்றுபோனவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாடம் கஷ்டம் என்று சொல்பவரைவிட ஏதோ ஒரு சொல்லைச் சொல்பவர்தான் அதிகம் இருப்பார்கள்.

பாடத்துக்கு வருவோம். நம் பிள்ளைகளில் பலர் கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாக நோட்டில் எழுதிவிடுவார்கள், அதைப் படிக்கத் தெரியாது. கையெழுத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். முதல் பத்து நாளில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து ஒரு வரி படிக்கச் சொல்லுங்கள். வகுப்பு முன்னால் நிறுத்திப் படிக்கச் சொல்ல வேண்டாம். அங்கே வாய் மூடிக்கொண்டால் பிறகு ஆண்டு முழுக்கத் திறக்காது. வாய் திறக்காத பிள்ளையை மந்தம் என்று குறித்துவிடும் அவசரமும் வேண்டாம். வீட்டில் பேசுகிற பேச்சுக்கு ஒருமுறை சிரிப்பு கேட்டிருக்கும், அதோடு நிறுத்தியிருக்கும். "அது கொச்சை" என்று திருத்துவதற்கு முன், ஆடு மேய்த்த கதையையோ மீன் பிடித்த கதையையோ அதன் வாய்மொழியிலேயே சொல்லவிட்டு, அதையே பலகையில் எழுதிப் படிக்க வையுங்கள். தான் சொன்னதைத் தானே படிக்கும் பிள்ளை வேகமாக எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். பாடநூல் தமிழ் பின்னால் வரட்டும். வீட்டுப்பாடத்தை முடிந்தவரை பள்ளியிலேயே கடைசி இருபது நிமிடத்தில் முடிக்க வையுங்கள். இருட்டிய பிறகு வேலையிலிருந்து திரும்பும் தாய்க்கு, அவர் பள்ளிக்கே போனதில்லை என்றால், நோட்டில் கையெழுத்து கேட்பது அவமானமாகத்தான் முடியும்.

அடிக்கவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு அடியையும் மனத்துன்பத்தையும் சேர்த்தே தடுக்கிறது.

மதிய உணவின்போது ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்பதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். நம் பெண் ஒருத்தி சமைக்கிறாள் என்பதற்காகத் தட்டைத் தள்ளிவைத்த ஊர்கள் உண்டு. அங்கே சுற்றறிக்கையால் ஆகாதது, டீச்சர் வரிசையில் நின்று ஒரு தட்டு வாங்கிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டால் ஆகும். காலனிக்கும் ஒரு நடை வாருங்கள். புகார் இருக்கும்போது மட்டுமல்ல, சும்மா வாருங்கள். கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். நீங்கள் குடித்தீர்களா இல்லையா என்பது பொழுது சாயும் முன் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது புகாரைக் கையாள்வது. நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர், தன்னைத் துன்புறுத்திய சக மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்ன பிறகுதான் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டப்பட்டார். ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால், அதே மணி நேரத்தில் எதிர்த்தரப்புப் பையன்களைக் கூப்பிட்டு "இவன் சொல்றான், உண்மையா" என்று கேட்டுவிட்டு, மாலையில் எல்லோரையும் ஒரே பேருந்தில் அனுப்பிவிடாதீர்கள். முதலில் பெற்றோரிடம் பேசுங்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள். தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். அன்று அந்தப் பிள்ளை யாரோடு வீட்டுக்குப் போகிறது என்று பாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களை வகுப்பில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

இவ்வளவையும் கேட்கிறோம், ஆனால் புதிய ஆசிரியர் நிலைமையும் நமக்குத் தெரியும். ஆசிரியர் அறையில் "இங்க இதெல்லாம் இப்படித்தான், நீங்க புதுசு" என்று ஒரு மூத்தவர் சொல்வார். வந்தவர் நம்மவராக இருந்தால் கதை வேறு. வாடகைக்கு வீடு கேட்டால் "எந்த ஊரு, எந்தப் பக்கம்" என்று சுற்றிச்சுற்றி வந்து கடைசியில் வீடு இல்லை என்பார்கள். சாப்பாட்டு மேசையில் அவர் டப்பாவிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 1848-ல் புனேயில் கற்பிக்கத் தொடங்கியபோது சாவித்திரிபாய் பூலேவுக்கு வயது 17. வழியில் சாணம் வீசுவார்கள் என்று மாற்றுச் சேலை எடுத்துப்போனார் என்று சொல்வார்கள். அதைச் சொல்லி இன்றைய ஆசிரியரையும் பொறுத்துக்கொள்ளச் சொல்வது நியாயமாகாது. அவரைத் தனியே விடக்கூடாது என்பதுதான் நம் பக்கம். அவரும் நடந்ததை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், சங்கத்தில் சேர வேண்டும், பக்கத்துப் பள்ளியில் நம்பிக்கையான ஒருவரையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். வீடு கிடைக்காத ஆசிரியருக்கு வீடு பார்த்துத் தருவது நம் தெருப் படித்த பிள்ளைகளால் ஆகாத காரியமல்ல.

பெற்றோருக்கும் ஒன்று. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அதில் ஒடுக்கப்பட்ட பிரிவினரின் பெற்றோருக்கு விகிதப்படி இடம் உண்டு, குழுவில் பாதிப்பேர் பெண்கள். நம் பெண்கள் பெயர் பல குழுக்களில் கையெழுத்துக்கு மட்டும் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு ஒரு நாள் கூலி போனாலும் இரண்டு பேராவது போங்கள். புது டீச்சர் பெஞ்சை மாற்றியதைப் பற்றி அங்கே யாராவது குறை சொல்ல எழுந்தால், "மாத்தினது நல்லதுதான் டீச்சர், அப்படியே இருக்கட்டும்" என்று அங்கேயே சொல்லுங்கள், தீர்மான நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு வாருங்கள்.